இருபதுக்கு இருபது

1

இது பழிவாங்குவதற்காகத் தொடங்கிய கதை. என் மேலாளரைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாமென்று உட்கார்ந்தேன். எழுத எழுத, திட்டு வேறு ஆள் பக்கம் திரும்பிவிட்டது.

முதல் தொடக்கம்: இசை என்பது மனித மனத்தின்... (அடித்துவிட்டேன். இயற்பியல் படித்தவள் இப்படித் தொடங்கக் கூடாது.)

இரண்டாவது: நான் வேலை பார்க்கும் நிறுவனம் பாட்டுகளின் கோப்பளவைச் சுருக்கிப் போனுக்கு அனுப்புகிறது. ஒரே பாட்டைச் சுருக்கியும் சுருக்காமலும் போட்டுக்காட்டி, எது எது என்று கேட்டோம். காது மட்டும்தான் துணை. முப்பது பேர், ஆளுக்கு இருபது முறை. கணக்குப் போடுவது நான். ஒருவர் வரவில்லை, அக்காவைக் கூட்டிப்போனேன்.

2

அக்கா அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். அத்தான் ஆபீசிலிருந்து பேசுவதாகச் சொல்லும்போதெல்லாம், குரலின் எதிரொலியை வைத்து, அது ஆபீஸ் இல்லை, ஏதோ ஒரு வீட்டு அறை என்றாள். "உனக்குப் பிரமைடி" என்றாள் அம்மா. அத்தானும் அதையே சொன்னார். ஆகவே அக்காவுக்கு அது பாட்டுச் சோதனை இல்லை, தன் காதை நம்பலாமா என்ற சோதனை.

ஹெட்போனைக் கழற்றியதும் கேட்டாள்: "சிலதுல, மேளத்துல அடி விழறதுக்கு முன்னாடியே லேசா ஒரு மூச்சு கேக்குதுடி. சரியா?"

(சரிதான். சுருக்கும்போது, சட்டென்று எழும் ஓசையின் பிழை அதற்கு முந்தைய கணத்திலும் கசியும். நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.)

இருபதுக்கு இருபது. மற்றவர்கள் ஒன்பது, பத்து, பதினொன்று.

3

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி.

"யாரும்மா இது? மனுஷியா, வௌவாலா?"

"எங்க அக்கா சார்."

"சொந்தக்காரங்களச் சேத்தா செல்லுமா? அந்த வரியத் தூக்கிடு. யாராலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலன்னு எழுதிடு."

நான்காவது வரைவில் நான் எழுந்து நின்று, "சார், ஒரு நிமிஷம், இது..." (அழித்துவிட்டேன். அவள் நானில்லை. நான் "சரி சார்" என்றேன்.)

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. வில்லன் கிடைத்துவிட்டார்.

4

ஆனால் அக்காவிடம் பொய் சொல்லச் சொன்னது சராசரி சார் இல்லை.

"எவ்ளோடி?"

"பத்து."

"இருபதுக்கா?"

"காசு சுண்டிப் போட்டாலும் அவ்ளோதான்க்கா வரும்."

கொஞ்ச நேரம் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அத்தானுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் கிளம்பிவிட்டாள்.

நான் பொய் சொன்ன காரணம், ஒரு வரைவில் அலுவலக ரகசியம். இன்னொன்றில், குடும்பம் உடையக் கூடாது. (இரண்டையும் நம்ப வேண்டாம்.) அவள் என் அறையில் படுத்திருந்தாள். என் மேசையில் அவள் துணிகள். எந்நேரமும் அழுகை. எனக்கு என் அறை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அத்தான் எந்த அறையிலிருந்து பேசினார் என்பது எனக்குத் தெரியாது. அக்காவின் காதில் பழுதில்லை என்பது மட்டும் தெரியும். வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

5

இப்போது, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அக்கா போனில்.

"கதையெல்லாம் எழுதறியாமே, அம்மா சொன்னா. எதப் பத்தி?"

"பாட்டு பத்திக்கா."

"படிச்சுக் காட்டு. அவர் குளிக்கப் போயிருக்கார்."

கையில் இரண்டு பிரதிகள். ஒன்று மூன்றாம் பகுதியோடு முடிகிறது. அதில் இருபதும் சரியாகச் சொன்னவள் யாரோ ஒருத்தி. மற்றது நீங்கள் படித்தது.

"ஹலோ? இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

எதை எடுக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள். அத்தான் குளித்துவிட்டு வர அதிக நேரம் ஆகாது.