உருகிய உப்புக்கு ஒரு தொட்டில்

தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தில், அணு உலை ஒன்று கம்பளிக்குள் செத்துக் கிடந்தது.

உலை இருந்தது திலக்ஷனின் பழைய லெப்டொப்புக்குள். பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம்; கணினிக்கூடத்துக்குப் பூட்டு. திங்கட்கிழமை காலை பேராசிரியை மெடத்துக்கு வரைபடம் போகாவிட்டால் ஆய்வுக் குழுவில் அவனுக்கு இடமில்லை. லெப்டொப்பின் விசிறி எப்போதோ உயிரை விட்டிருந்தாலும், மலைக்குளிரின் தயவில் சிமியுலேஷன் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பீலிக்குக் குளிக்கப் போய்வருவதற்குள் அம்மா காளியாயி அதைக் கம்பளியால் போர்த்திவிட்டாள்; சூடேறி அணைந்துபோனது.

“பனி எறங்குதுடா. ஈரம் ஏறிட்டா ஒன் படிப்பு என்னாகும்?”

“இதுக்குக் குளிராதும்மா. சூடு வெளிய போகணும்.”

“நீ படிக்கிறதே அதத்தானே?”

“ஆமா.”

“அப்ப ஏன் போகல?”

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. திலக்ஷன் கம்பளியை மடித்து வைத்தான்.

நல்லவேளை, பாதிக் கணக்கு சேமிப்பில் இருந்தது; மீதி திங்களுக்குள் முடிய, லெப்டொப் இன்னும் குளிர வேண்டும். உலையைக் குளிர்விக்கும் உருகிய உப்பு குழாயில் மேலேறும்போது, சூடான சுவரோரத்து உப்பு இலேசாகி முந்திக்கொண்டு ஓடும். அதனால் உள்ளே உப்பு சுழன்று கலப்பது அடங்கி, சூடு சுவரிலேயே தங்கிவிடும். எவ்வளவு தங்கும் என்பதுதான் கணக்கு. சூடானது மேலே போகும் அந்தக் குணம்தான் அங்கே வில்லன். வில்லனையே வேலைக்கு வைத்தால் என்ன?

லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றினான். விரித்த புத்தகம்போல நிமிர்த்தி வெங்காய வலைப்பைக்குள் இறக்கி, வாசலுக்கு நேரே உத்தரத்தில் தொங்கவிட்டான். சூட்டுக் காற்று மேலே கிளம்ப, கீழிருந்து குளிர்காற்று ஏறியது. கணக்கு மறுபடி நகர்ந்தது.

பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, தொட்டில் கட்டியிருக்கீங்க? சொல்லவே இல்லையே.”

“பேரப்புள்ள,” என்றாள் காளியாயி. “போர்த்தாம வளக்கணுமாம்.”

அந்த வார இறுதியில் லயமே வந்து பார்த்தது. திலக்ஷன் வாசலை மறித்து உட்கார்ந்து, எவர் கையும் வலைப்பையில் படாமல் காவல் காத்தான். சோறும் அங்கேதான்.

திங்கள் விடிய, அம்மா தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் வேளையில் வரைபடம் முடிந்தது. தேயிலை மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடி அனுப்பினான். அங்கேயே நின்றான். பதில் வந்தது: “சுவர் வெப்பம் சரியாக ஏறுகிறது. இடம் உனக்குத்தான். அடுத்து, உருகிய ஈயத்தில் ஓட்டிப் பார்.”

திரும்பி வந்தவன் வலைப்பையின் முடிச்சை அவிழ்க்கவில்லை; இன்னும் இறுக்கிக் கட்டினான். பெரட்டு முடிந்து வந்து, கொழுந்து பறிக்கப் புறப்பட்ட காளியாயி, போகிற போக்கில் தொட்டிலை ஓர் ஆட்டு ஆட்டினாள்.

திலக்ஷன் தடுக்கவில்லை. காற்றோட்டம்தானே.