ஒட்டுக்கேட்கச் சம்பளம்

அவளுக்குப் பாம்புக் காது. அடுத்த வீட்டில் கிசுகிசுத்தால் இங்கே தலையாட்டுவாள். கேட்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கேட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தன் புருஷனை விட்டுப் பிரிந்துவிடலாமா என்று, பிறந்தவீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் ஒரு தோழியிடம் போனில் அழுததைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டவள், சாயங்காலத்துக்குள் மாமியார் காதுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நாத்தனார் யோசித்து முடிக்கும் முன்பே அவள் குடும்பம் ரெண்டுபட்டது. தனியாகப் போனவள் இவளோடு பேச்சையும் அறுத்துக்கொண்டாள். மூன்று வருஷமாயிற்று.

அதன்பிறகுதான் குடிநீர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தரைக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காதால் கண்டுபிடிக்கிற வேலை. நீளமான ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனை தரையில், மறுமுனை காதில். அடியில் ஒழுகினால் 'உஸ்' என்று கேட்கும். ஆறே மாதத்தில், அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே இவளைக் கூப்பிட்டனுப்ப ஆரம்பித்தார்கள். புத்தி மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசை அதே ஆசைதான், அதற்கு உருப்படியாக ஒரு வேலை கிடைத்துவிட்டது. மனோதத்துவம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அவள் கணவன், "சம்பளத்தோட ஒட்டுக்கேக்குறா" என்பதோடு முடித்துக்கொண்டான்.

அன்று காலை கையில் கொடுத்த முகவரியை அவள் இரண்டு தடவை படித்தாள். நாத்தனார் வீடு.

கதவைத் திறந்த நாத்தனாருக்கு முகம் இறுகிவிட்டது. "ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?"

"லீவுல இருக்காங்க அண்ணி. வேணாம்னா போயிடறேன்."

கூடத்துச் சுவர் இடுப்புயரத்துக்கு ஊறிப்போயிருந்தது. முன்பே வந்த பிளம்பர் நாலு இடத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு, தரை மொத்தத்தையும் பெயர்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாத்தனார் வேண்டாவெறுப்பாக வழிவிட்டாள்.

"கொஞ்ச நேரம் யாரும் பேசாம இருக்கணும் அண்ணி."

"இதை நீ சொல்றியா?"

அவள் கம்பியைச் சுவரில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் போன் அடித்தது. நாத்தனார் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அதே சுவர்தான். தணிந்த குரல் கம்பி வழியாகத் தெளிவாக வந்தது. "யார் வந்திருக்கா தெரியுமா..."

காது துடித்தது. நாத்தனார் மனசில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று தெரியாமல் மூன்று வருஷமாக அவள் பட்ட தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும். யார் பார்க்கப் போகிறார்கள்?

கம்பியை எடுத்துவிட்டாள். கூடத்தின் மறுகோடிக்குப் போய் மண்டிபோட்டு, ஒவ்வொரு டைல்ஸாகக் கேட்டுக்கொண்டே நகர்ந்தாள். சமையலறை வாசலில் 'உஸ்' கேட்டது. சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள்.

வெளியே வந்த நாத்தனார் முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு அவளை.

"ஏதாவது கேட்டுச்சா?"

"யார் வந்திருக்கான்னு நீங்க சொன்னது கேட்டுச்சு அண்ணி. உடனே எடுத்துட்டேன். அப்புறம் கேட்டதெல்லாம் தண்ணிதான். இந்த ஒரு கல்லைப் பேத்தாப் போதும்."

நாத்தனார் உளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்லைப் பெயர்த்து, கொஞ்சம் தோண்டியதும் தண்ணீர் குமிழியிட்டது.

போன் மறுபடி அடித்தது. நாத்தனார் இந்தத் தடவை உள்ளே போகவில்லை. ஈரத் தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்தாள்.

"ஆமா, கண்டுபிடிச்சாச்சு. யாரா? என் தம்பி பொண்டாட்டி."

குரலைத் தணிக்கவே இல்லை.