கறுப்புக் கட்டத்துக்குள் கெக் சுவான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. பினாங்கின் சீனப் பத்திரிகைகளுடைய வரலாற்றைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். 'ஈய எழுத்துகள் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில்...' (கப்பலை விடுங்கள்.) மரண அறிவித்தல் பக்கத்துக்கு வந்தபோது ஒரு பெண் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

2

1974. கெக் சுவான் அந்தப் பக்கத்துக்கு எழுத்துக் கோப்பவள். போன மாதம்தான் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வரும். முன்பே இறந்துபோன பிள்ளையின் பெயரைச் சுற்றி மட்டும் கறுப்புக் கட்டம் போடுவார்கள்.

அன்று மத்தியானம் கீழே கவுண்டரிலிருந்து வந்த தாளில் இறந்தவர் அவளுடைய அப்பா. வயது எழுபத்து நான்கு.

(எழுபத்தொன்றுதான். போகிறவருக்கு மூன்று வயது கூட்டிப் போடுவது இங்கே வழக்கம்.)

அப்பா போய்விட்டார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். மகள்கள் வரிசையில் தன் பெயரைத் தேடினாள். இருந்தது. சுற்றிலும் கட்டம்.

3

'அவள் கண்ணீர் அந்தத் தாளை...' இல்லை, அவள் அழவில்லை. படியில் தடதடவென்று இறங்கினாள். கவுண்டரில் அண்ணன் பூன் ஹெங், சட்டைக் கையில் துக்கத் துணியோடு.

"நீயா? இங்கயா வேலை பாக்கிற?" என்று இரண்டடி பின்வாங்கினான்.

"நான் எப்பண்ணே செத்தேன்?"

"கத்தாத. கல்யாணத்தன்னிக்கு விடியக்காலம் ஓடிப்போயிட்ட. மாப்பிள்ள வீட்டுக்கு என்ன சொல்றது? பொண்ணு காய்ச்சல்ல செத்துப்போயிட்டான்னு அப்பாதான் சொன்னாரு."

"நம்பிட்டாங்களா?"

"மலர்வளையமே அனுப்பினாங்க. பெருசு. நல்ல பூவு."

"அப்ப ஏழு வருஷமாவா நான் செத்தவ?"

"வருஷா வருஷம் உன் படத்துக்கு ஆரஞ்சு வச்சுக் கும்பிடுறோம்டி. வேற என்ன செய்யணும்?"

"நாளைக்கு நான் வருவேன். அப்பாவப் பாக்கணும்."

"பேப்பர்ல செத்தவ எப்படிடி வருவ? அம்மா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க?"

4

மேலிருந்து போர்மேன் தியோங் கத்தினார். "ஆ சுவான்! நாலு மணிக்குப் பக்கம் மூடணும். எழுதிக் குடுத்தபடி கோத்துத் தள்ளு!"

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

கட்டத்தை வைக்கிறாள். மறுநாள் எதிர்த் தெருவில் ஒளிந்து நின்று அப்பாவின் பெட்டி போவதைப் பார்க்கிறாள். (அடித்துவிட்டேன்.)

கட்டம் போடாமல் விட்டுவிடுகிறாள். காலையில் சாவு வீட்டில், மலர்வளையம் அனுப்பிய அதே மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைப் பிரிக்கிறார்கள், எதிரே அம்மா... (அதற்கு மேல் ஓடவில்லை.)

மேலே, அவள் பெயரின் ஈய எழுத்துகளைக் கோத்தாயிற்று. பக்கத்தில் கட்டத்துக்கான நான்கு பித்தளைக் கம்பிகள். மணி மூன்று ஐம்பத்தைந்து. அவள் எனக்காகக் காத்திருக்கிறாள். நானோ பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்தாருங்கள், கம்பிகளை நீங்கள் பிடியுங்கள்.