பெரிய வாசலில் ஒரு செபம்

சோறு ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் சூசைநாதன் பாகூர் ஏரிக்கு மாடு கழுவப் போனார். வெள்ளம் இழுத்துவிட்டது. மாலையில் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். அது எழுபத்திரண்டாம் வருடத்து ஐப்பசி.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மேலத்தெருக் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வாசல், சேரியிலிருந்த எங்களுக்குப் பின்வழி. மறுநாள் பின்வழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கல்லறைத் திருநாளுக்காகத் திறந்து கிடந்த பெரிய வாசலுக்குப் பெட்டியைத் தூக்கிவந்தோம். கோயில் நாட்டாண்மை அந்தோணிராயர் ஆட்களோடு மறித்து நின்றார்.

“தண்ணி வடியட்டும். இன்னா அவசரம்?”

“பொணம் தாங்காதுங்க. ஆண்டவருக்கு எல்லாரும் புள்ளைங்கன்னு சாமியார் சொன்னப்ப தலையாட்டினீங்களே” என்றேன்.

“அது கோயிலு, இது ஊரு. எறக்குங்கடா.”

அவருடைய ஆட்கள் தடிகளோடு முன்னே வந்தார்கள். பெட்டியோடு வந்திருந்த பங்குச் சாமியார் தரையைப் பார்த்தார். என் கொழுந்தன் பெட்டியை இறக்கக் குனிந்தார்.

நான் ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று உரக்கப் பரலோக மந்திரம் சொல்லத் தொடங்கினேன். பிணத்தின் முன் அதைச் சொல்லும்போது, தூக்குபவர்களைத் தவிர எங்கள் சபையில் யாரும் மண்டியிடாமல் நிற்கமாட்டார்கள். அந்தோணிராயரும் பழக்கத்தில் துண்டை எடுத்துவிட்டுச் சேற்றில் மண்டியிட்டார். ஆட்களும் மண்டியிட்டார்கள். செபம் முடியுமுன் எழுவது பாவம். நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கொழுந்தன் நிமிர்ந்தார். பெட்டி அவர்களைத் தாண்டி உள்ளே போனது.

அந்த வாசலின் சாவி இன்றும் மேலத்தெருவில்தான் இருக்கிறது.