ஈரமாய்ப் பையில் போட்ட ரீல்

எட்டு மாதமாக அந்தத் துணிப்பை அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. சட்டை எடுக்கும்போதும் துண்டு எடுக்கும்போதும் நூலகர் அந்தப் பக்கம் தலையைத் தூக்கவே மாட்டார். வேண்டியதை எடுத்த கையோடு கதவைச் சாத்திவிடுவார். பைக்குள் இருந்தது ஒரு தூண்டில் ரீல்தான். பாம்பா இருந்தது? ஆனால் பாம்பாக இருந்திருந்தால்கூட என்றோ துணிந்து திறந்திருப்பார்.

ரீல் அவர் மனைவியுடையது. அவள் தையல் கடை வைத்திருந்தாள். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரி. வாரத்தில் ஆறு நாள் ஊசியும் நூலும், ஏழாம் நாள் தூண்டிலும் நைலான் நரம்பும். "எதையாவது கோத்துக்கிட்டே இருக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் கடலோரப் பாறைகளுக்குப் போவார்கள். அவள் தூண்டில் வீசுவாள். அவர் பக்கத்தில் குடையை விரித்து வைத்துக்கொண்டு புத்தகம் படிப்பார். வீடு திரும்பியதும் மீன் ஆய்வது அவள் வேலை, ரீல் கழுவுவது அவர் வேலை. கல்யாணமான மறுவருடம் ஏற்பட்ட ஒப்பந்தம் அது.

கழுவுவதிலும் ஒரு முறை உண்டு. நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று திருகி வைக்க ரீலின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். முதலில் அதை நன்றாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு நல்ல தண்ணீரை மெதுவாக விட வேண்டும். வேகமாக அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்து, மறுபடி குமிழைத் தளர்த்தி, நிழலில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய். அவள் தையல் மிஷின் எண்ணெயைத்தான் விடுவாள். நூலகர் மற்றதையெல்லாம் செய்துவிட்டுக் குமிழைத் தளர்த்த மட்டும் மறப்பார். இருபத்திரண்டு வருடமாக மறந்தார். "அதுவும் கொஞ்சம் மூச்சு விட வேண்டாமா?" என்று அவள்தான் வந்து தளர்த்துவாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மீன் சிக்கியது. ஆனால் குமிழை எவ்வளவு திருகியும் நரம்பு நிற்காமல் ஓடியது, மீன் போய்விட்டது. "உள்ள இருக்கிற வாஷர் தேஞ்சுபோச்சு. மாத்தணும்" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். அன்று நூலகர் கையில் ஒரு நாவல். இன்னும் முப்பது பக்கம்தான் பாக்கி. முடித்துவிட்டுக் கழுவலாம் என்று உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ரீலைப் பையில் போட்டு ஆணியில் மாட்டினார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கழுவியாச்சா?"

"ஆச்சு" என்றார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கடையில் மிஷின்மேல் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானபோதுதான் ஆணியில் தொங்கிய பை நூலகர் கண்ணில் பட்டது. திறந்து பார்க்கத் தெம்பில்லை. தூக்கி மேல்தட்டில் வைத்தார். உப்பு இந்நேரம் உள்ளே எல்லாவற்றையும் அரித்திருக்கும். அவளிடம் சொன்ன கடைசிப் பொய் அதற்குள் துருவாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவளுடைய தம்பி ஸ்கூட்டர் மெக்கானிக். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன். நாலு மாதமாக ரீலைக் கேட்டுக்கொண்டிருந்தான். நூலகரும் சாவி காணவில்லை, காய்ச்சல், அடுத்த வாரம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கருவிப் பெட்டியோடு வந்து நின்றுவிட்டான்.

"மாமா, நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம். எங்கக்கா ரீல எடுங்க."

"அலமாரி சாவி..."

"அலமாரி தொறந்துதான் கெடக்கு. அன்னைக்கு உங்க பனியன் பாதி வெளிய தொங்குறதப் பாத்தேன்."

அவன் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். கோட்டுத் துணி மிச்சத்தில் அவளே தைத்த பை. நூலகர் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"தொறக்காத மச்சான்."

"ஏன், உள்ள சாமியா இருக்கு?"

"நான் கழுவல. அன்னைக்கு ஈரத்தோட அப்படியே போட்டுட்டேன். கழுவிட்டேன்னு உங்கக்காகிட்ட பொய் சொன்னேன். மூணே நாள்ல அவ போயிட்டா. அது துருப்பிடிச்சுக் கெடக்கிறத என்னால பாக்க முடியாது."

இவ்வளவையும் சொல்ல அவருக்கு எட்டு மாதம் பிடித்திருந்தது. மச்சான் கருவிப் பெட்டியைத் திறந்தான்.

"மெக்கானிக்கிட்ட வந்து துருவப் பத்திப் பேசுறீங்களே மாமா. வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நான் பாத்துக்கறேன்."

நூலகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையின் நாடா அவிழும் சத்தம் கேட்டது. பிறகு வேறு ஒரு சத்தம்: சிர்ர்ரென்று, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு, கைப்பிடி சுற்றும் சத்தம்.

"மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க. இந்தக் குமிழ் தளர்ந்திருக்கு."

"நான் தளர்த்தவே மாட்டேனே."

"அது ஊருக்கே தெரியும்."

ரீல் பளபளவென்றிருந்தது. மச்சான் குமிழைக் கழற்றினான். வட்ட வட்டமான தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் பரப்பினான். மிஷின் எண்ணெயின் வாசனை மேஜையைச் சுற்றி எழுந்தது. தகடுகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஒன்று வந்தது. சின்ன இடுக்கியால் தூக்கிப் பிடித்தான்.

"இது கம்பெனி வாஷர் இல்லையே. ஏதோ கம்பளித் துணி மாதிரி..."

நூலகருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கோட்டுக் காலருக்கு அடியில் வைத்துத் தைக்கிற பச்சைக் கம்பளித் துணி அது. அவள் கடை மூலையில் அதன் சுருள் ஒன்று எப்போதும் நிற்கும். வட்டம் அச்சடித்ததுபோல் இருந்தது, நடுவில் துளை, விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அப்படி வெட்ட ஒரு கைக்குத்தான் வரும்.

வாஷர் தேய்ந்தது ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் திங்களோ செவ்வாயோ அவள் பையை எடுத்திருக்கிறாள். ஈரத்தைப் பார்த்திருக்கிறாள். கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, கழுவி, துடைத்து, வாஷர் மாற்றி, திரும்பக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

"ரீல உங்கள நம்பி விட்டுட்டுப் போற அளவுக்கு எங்கக்கா ஏமாளி இல்ல மாமா" என்றான் மச்சான். சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா திட்டாம விட்டிருக்காளே! என்னையெல்லாம் ஒரு ஸ்பூன் கழுவலைன்னா உரிச்சுடுவா."

நூலகருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு ஞாபகம் வந்தது. இதே மேஜை. தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள்: "அந்தப் புத்தகம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"முடிவு நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

"அப்ப சரி" என்று சிரித்தாள். இவளுக்கு எப்போதிருந்து நாவல்மேல் அக்கறை என்று அன்று ஆச்சரியப்பட்டதோடு சரி. அதன்பின் நினைக்கவில்லை.

ஈரப் பையைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வி அது. இப்போது அதை மச்சானிடம் சொன்னார். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது. இருமல்போல ஆரம்பித்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கும்படி ஆயிற்று. எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ கால்விரலால் சாதாரணமாக நெட்டித் தள்ளியதுபோல் இருந்தது. அவள்தான், வேறு யார்.

மறுநாள் இருவரும் பாறைகளுக்குப் போனார்கள். மச்சான் வீசினான், நூலகர் குடையை விரித்தார். உள்ளங்கை நீளத்தில் இரண்டு மீன். "இதுக்கு மீன் தொட்டியிலயே வீசியிருக்கலாம்" என்றார் நூலகர். வெகு நாளைக்குப் பிறகு அவர் அடித்த கிண்டல் அது.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் மீனோடு சமையலறைக்குள் போனான். நூலகர் ரீலை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்தார்.

"கழுவியாச்சா மாமா?" என்று உள்ளேயிருந்து அவன் கத்தினான்.

"இல்லடா. இப்பத்தான் குமிழ இறுக்கறேன்."

"பொய்யில்லையே?"

"வந்து பாரு."

குழாயைக் கொஞ்சமாகத் திறந்தார். தண்ணீர் நூலாக இறங்கியது. அலம்பினார், துடைத்தார், நிழலில் துணி விரித்து ரீலை வைத்தார். எழுந்து படிவரை போய்விட்டார். பிறகு திரும்பி வந்து, குனிந்து, குமிழைத் தளர்த்தினார்.