மமதாவின் ஸ்டூல்

குணசுந்தரி கறைமருந்து பீய்ச்சும் கன்னை அழுத்தினாள். சீறிக்கொண்டு வந்த மருந்து வெள்ளைச் சட்டையின் காலரில் இருந்த எண்ணெய்ப் பொட்டைக் கலைத்து அடித்துணிக்குத் தள்ளியது. காற்றுக்குழாயை வைத்து உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டையை நல்லவற்றோடு போட்டாள். மெஷின் எண்ணெய், பென்சில் கோடு, டீக் கறை, ஊசி குத்திய விரலின் ரத்தம் எல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். மூடிப்போன தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் பழைய ஷெட் ஒன்றுக்குத் தகரம் மாற்றி, சுண்ணாம்பு அடித்து நடத்தும் தையல் கம்பெனி அது. பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வரும் தொல்லை விட்டது என்று பெண்கள் ஓடிவந்து சேர்ந்தார்கள். அண்ணன் ராஜப்பாவின் மகள் மமதாவை குணசுந்தரிதான் கையோடு கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

இன்று சட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சந்தன நிறப் பேண்ட் வந்து விழுந்தது. மேனேஜர் நாகேஷுடையது. வீட்டு அழுக்கையெல்லாம் கம்பெனி மருந்தில் வெளுத்துக்கொள்ளும் புண்ணியவான் அவர்.

"நாளைக்கு பெங்களூர்லேர்ந்து கம்பெனி பெரியவங்க வராங்க. முட்டிகிட்ட கிரீஸ் கீது பாரு. எடுத்து, அயர்ன் பண்ணி வை."

"வூட்டுக்கு எடுத்துக்கினு போய் நல்லா பண்ணியாறேன் சார்" என்றாள் குணசுந்தரி. இந்த மூன்று வாரத்தில் அவள் யாரிடமும் அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது இது. அங்கே ஒரு வரிசைக்கு ஒரு பாத்ரூம் டோக்கன். அது ஆணியில் தொங்கினால் எடுத்துக்கொண்டு போகலாம், தொங்காவிட்டால் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். குணசுந்தரியின் அப்பா காலத்தில் டோக்கன் இருந்தால்தான் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க முடியும். இப்போது மகள்கள் ஒன்றுக்குப் போவதற்கு டோக்கன். அன்றைக்கு வேலை பின்தங்கிவிட்டது என்று நாகேஷ் டோக்கனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மமதா எழுந்து போய்க் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். "உக்காந்து தை" என்றார். மதிய மணி அடித்து அவள் எழுந்தபோது ஸ்டூல் மெத்தையிலும் மடியில் கிடந்த வெள்ளைச் சட்டையிலும் ரத்தம்.

நாகேஷ் அந்தச் சட்டையை ஸ்கேலின் நுனியில் தூக்கிக்கொண்டு ஷெட் முழுக்க நடந்தார். "எக்ஸ்போர்ட் பீஸ்! பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வூட்ல சொல்லிக் குடுத்து அனுப்ப மாட்டாங்களா?" கட்டிங் மேஜைப் பையன்கள் சிரித்தார்கள். ஸ்டூலை யாரும் தொட மாட்டார்கள் என்று பின்பக்கம் தூக்கிப் போடச் சொன்னார். சட்டை குணசுந்தரியின் மேஜைக்கு வந்தது. பச்சைத் தண்ணீரிலேயே கறை போய்விட்டது. செக்கிங்கில் தேறி, பெட்டிக்குள் போய், கப்பலேறியும் போயிருக்கும்.

மமதாதான் வீட்டைவிட்டு அசையவில்லை. குழாயடிக்குப் போனாலும் துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். "நா வரல அத்த. எல்லாரும் என் பின்னாடியே பாத்துக்கினு இருப்பாங்க" என்றாள். ராஜப்பாவுக்கு மகளிடம் இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தார். கூட்டிக்கொண்டு போன கை என் கைதானே என்று குணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளை அதே ஷெட்டில், அதே மாதிரி நடக்க வைக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டில் வைத்தே பேண்டை விரித்தாள். முட்டியில் இருந்த கிரீஸை ஒழுங்காக எடுத்தாள். பிறகு மஞ்சளை இழைத்து, தண்ணீராகக் கலந்து, பேண்டைத் திருப்பிப் போட்டு உட்காரும் இடத்தில் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றினாள். காய்ந்ததும் சந்தன நிறத்தோடு நிறமாகப் போய்விட்டது.

"இன்னாத்த பண்ற?" என்றாள் மமதா.

"உங்க சார் நாளைக்கு மங்களகரமா இருக்கட்டுமேன்னுதான்."

மமதாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மஞ்சள் பட்ட துணியில் சோப்போ சலவைச் சோடாவோ பட்டால் ரத்தமாகச் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? அவள் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து அத்தையின் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் குணசுந்தரி மேனேஜர் அறையைத் துடைப்பதுபோல் உள்ளே போய், சலவைச் சோடா கரைத்த தண்ணீரை அவருடைய நாற்காலி மெத்தைக்குள் நன்றாக இறக்கினாள். மேலே உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு வந்து கன்னைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பெரியவர்கள் வந்தார்கள். நாகேஷ் அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியில் அழுந்தி உட்கார உட்கார குணசுந்தரி கன்னை அழுத்தாமல் அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து, "வாங்க சார், லைன் காட்டறேன்" என்று வெளியே வந்தார்.

பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

முதல் வரிசையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் முதல் வரிசை முழுவதும் நடந்தார், திரும்பினார், இரண்டாம் வரிசையில் நடந்தார். மூன்றாம் வரிசையில் லவினா என்ற பெண்ணுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகு தகரக் கூரை அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். பெங்களூர்க்காரர் அவர் காதோடு ஏதோ சொன்னார். நாகேஷ் பின்னால் தடவிப் பார்த்து, கையைப் பார்த்து, சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு பையன் வெட்டுத்துணியைக் கொண்டுபோய்க் கொடுக்க, அதை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மமதா கட்டியது மாதிரியே கட்டினார். குணசுந்தரிக்கு வயிறு குளிர்ந்தது.

பெரியவர்களைக் காரில் ஏற்றிவிட்டு, வேறு பேண்டு மாற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

"என் சேர்ல எவளோ உக்காந்துகீறா" என்றார் நாகேஷ். "தீட்டோட வந்து என் சேர்ல உக்காந்துகீறா. எவள்னு இப்பவே தெரிஞ்சாவணும். நேசமணி, ஒவ்வொருத்தியா பாத்ரூமுக்குக் கூட்டிம்போய் செக் பண்ணு. எவளுக்கு வந்துகீதோ அவ இன்னியோட வூட்டுக்குப் போவட்டும்."

குணசுந்தரி இதை நினைக்கவே இல்லை. சிவப்பு யார்மேல் இருந்தாலும் அது ஒரு பெண்ணுடையதாகத்தான் பார்க்கப்படும் என்பது அவளுக்குத் தோன்றாமல் போயிற்று. பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்களைத் தங்கத்துக்காக இப்படித்தான் நிறுத்தித் தடவினார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவளும் போய் நின்றாள். கேட்டைக் காக்கும் நேசமணி அவள் தோளைத் தொட்டு, "உனக்கு நின்னு போச்சில்லக்கா, நீ போ" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அவகிட்ட அந்த பேண்ட்டக் குடு. கறைய எடுத்து வைக்கட்டும்" என்றார் நாகேஷ்.

செய்தவளுக்கு மட்டும் சோதனை இல்லை. குணசுந்தரி பேண்டோடு மேஜைக்குப் போனாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வரிசையில் லவினா கால்களை நெருக்கிக்கொண்டு நின்றிருந்தாள். சிரித்த அதே முகம் இப்போது வெளுத்துப்போயிருந்தது. "அக்கா, எனக்கு நேத்துதான் ஆச்சு" என்று நேசமணியிடம் கெஞ்சினாள். "நா அந்த ரூம் பக்கமே போவல. மாதா சத்தியமா."

"ஆங், சிரிச்சவ இவதான்" என்றார் நாகேஷ்.

துருக்கறைக்காக மேஜையில் எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். குணசுந்தரி ஒன்றை நறுக்கி எடுத்துக்கொண்டு, பேண்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"சார், இங்க பாருங்க."

சிவப்பின்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சாறு பட்ட இடமெல்லாம் நொடியில் மஞ்சளாக மாறியது.

"எந்தப் பொம்பள ரத்தம் சார் மஞ்சளாவும்? இது மஞ்சத் தண்ணி. நாந்தான் வெச்சேன். சேர்ல சோடா ஊத்துனதும் நாந்தான். என் மருமவள நடக்கவுட்ட மாதிரி உன்ன நடக்க வெச்சேன். அவள கேக்காத, இவள கேக்காத."

நாகேஷுக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. "போலீஸ்ல குடுத்துருவேன் உன்ன" என்றார்.

"குடு. அங்கயும் இந்த பேண்ட்ட எடுத்துக்கினு வா. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் போலீசைக் கூப்பிடவில்லை. அப்போதே வெளியே போகச் சொன்னார். அவள் முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள். பின்னால் "சிரிச்ச நீ மட்டும் நில்லு, மத்தவங்க உக்காருங்க" என்ற குரல் கேட்டது. மெஷின்கள் ஓடத் தொடங்கின. லவினாவின் மெஷின் ஓசை மட்டும் குறைந்திருக்கும். அத்தனை இரைச்சலில் அது தெரியவில்லை.

கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்க அவளை ஆபீஸில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பின்பக்க கேட்டில் நேசமணி அவள் பையைச் சோதிக்க வேண்டியிருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள். தலை நிமிரவில்லை.

அங்கே கொடியில் அந்தப் பேண்டை ஏற்கெனவே காயப்போட்டிருந்தார்கள். நாற்காலி மெத்தையைக் கழற்றி, அலம்பி, விரித்த சாக்கின்மேல் வைத்து, நாய் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு பையனையும் நிறுத்தியிருந்தார்கள். நல்ல வெயில். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, சாயங்காலத்துக்குள் ஓடிவிடும். இத்தனை மருந்து கையில் இருந்தும் போயும் போயும் மஞ்சளை எடுத்தேனே என்று குணசுந்தரி தன்னையே திட்டிக்கொண்டாள்.

சுவரோரம் கழிவுத்துணிகளுக்கு நடுவில் மமதாவின் ஸ்டூல் கால்கள் மேலாகக் கவிழ்ந்து கிடந்தது. அவள் போய் அதைத் தூக்கினாள்.

"அத எடுக்கக் கூடாதுக்கா" என்றாள் நேசமணி. "கம்பெனி சாமான்."

குணசுந்தரி ஸ்டூலைத் திருப்பி நேராக வைத்தாள். மூன்று வாரத்து மழையும் வெயிலும் பட்டும், மெத்தைமேல் அந்தக் கறை அப்படியே இருந்தது.