இருளாயியின் ஞானஸ்நானம்

குருவானவர் கிண்ணத்துத் தண்ணீரில் விரல்களை நனைத்துவிட்டார். அவை இருளாயியின் நெற்றியைத் தொடுவதற்குள் தர்மராஜ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க ஐயா."

கட்டிலருகே நின்ற மகள் அமலராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா இருளாயிக்கு ஞானஸ்நானம் ஆகவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சபையில் ஜெபிக்கச் சொன்னவரே அப்பாதான். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இது தெரியாத வீடு கிடையாது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வெள்ளைச் சேலை எடுப்பார். இருளாயி சேலையைக் கட்டிக்கொள்வாள். ஞானஸ்நானத்தை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவாள். அந்தச் சேலைகளின் கரையெல்லாம் பக்கத்து வீட்டு ரெங்கம்மாளுக்கு மனப்பாடம்.

இப்போது இருளாயிக்கு நினைவு தப்பி மூச்சு இழுக்கிறது. கூடிவந்த காரியத்தை அப்பாவே தட்டிவிடுகிறார். ரெங்கம்மாள் ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"யோசிச்சுப் பேசுங்க," என்றார் சபைக் கமிட்டிக்காரர் ரத்தினவேல். "ஞானஸ்நானம் இல்லாட்டி கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. நாளைக்கு நீங்க மட்டும் தனியாப் படுத்துக் கிடப்பீங்களா?"

"அவ முழிச்சிருந்தா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியுங்க."

அமலராணி குருவானவரைப் பார்த்தாள். "ஐயா, ஆபிரகாமும் தூங்கிட்டுத்தானே இருந்தாரு? போன ஞாயித்துக்கிழமை நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தார். மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைப்பார்கள். உடன்படிக்கை செய்கிற இருவரும் நடுவே நடக்கவேண்டும். வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று அர்த்தம். ஆபிரகாமோ அயர்ந்து தூங்கிவிட்டார். கடவுள் மட்டும் நெருப்பாகத் தனியே நடந்துபோனார்; உடன்படிக்கை அப்படியும் நிலைத்தது. அந்தப் பிரசங்கத்தின்போது பாதிச் சபை ஆபிரகாமைப் பின்பற்றியது வேறு விஷயம்.

"நானும் அதைத்தாம்மா நினைச்சேன்," என்றார் குருவானவர். "கைக்குழந்தைக்குக் குடுக்குறோமே, அது கேட்டா வாங்குது?"

"கைக்குழந்தை வேணாம்னு சொன்னதில்லையேங்க. இவ சொல்லியிருக்கா." தர்மராஜ் மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு அம்மை போட்டப்ப, நீ பொழைச்சா, தன் உசுரு உள்ளவரைக்கும் வருஷா வருஷம் பூ கொண்டாரேன்னு சமயபுரத்துல வேண்டிக்கிட்டா. நீ பொழைச்சே. 'அங்க குடுத்த வாக்கை விட்டுட்டு வந்து நின்னா, உங்க சாமி மட்டும் என்னை எப்படிங்க நம்புவாரு?'ன்னா. எனக்குப் பதில் தெரியல. சேலைதான் எடுத்துக் குடுத்தேன்."

அமலராணியின் கை கன்னத்துத் தழும்புக்குப் போனது. மாசி பிறந்தால் "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று அம்மா மண்ணச்சநல்லூர் பஸ் ஏறியதன் காரணத்தை ரெங்கம்மாள்கூடத் துப்பறிந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் ஐயா. குடுத்த வாக்கை முழுசாக் காப்பாத்திட்டுப் போகட்டும்."

குருவானவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியபோது இருளாயியின் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் காலை இருளாயியின் அண்ணன் பெரியண்ணன் மாலையோடு வந்து இறங்கினார். "உங்காளுங்கதான் இடமில்லைங்கிறாங்களே மாப்ளே. எங்க பொண்ணை நாங்க கொள்ளிடக்கரைக்குக் கொண்டுபோறோம்."

"அப்ப இருளாயி யாரு சாமிக் கணக்குல சேத்தி?" என்றாள் ரெங்கம்மாள், இழவு வீட்டில் கேட்கக்கூடாது என்று மற்றவர்கள் அடக்கிவைத்திருந்த கேள்வியை. யாரும் அவளை அதட்டவில்லை. எல்லோரும் குருவானவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அது அவருக்குத்தாம்மா தெரியும்," என்றார் அவர்.

தர்மராஜ் எழுந்தார். "ஐயா, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிய தரிசு கிடக்கே, அங்க வைக்கலாமா?"

"அங்க ரூல் ஒண்ணும் கிடையாது," என்றார் ரத்தினவேல். "ஆனா உள்ள உங்களுக்கு இடம் பதிஞ்சிருக்கே?"

"அதை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

பெரியண்ணன் மச்சானைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மாலையைத் தங்கையின் கழுத்தில் வைத்தார்.

மாலையில் மண்ணைத் தள்ளி மூடியாயிற்று. குருவானவர் சுவருக்கு வெளியே, முள்ளுக்குள் நின்று ஜெபித்து முடித்தார். கூட்டம் கலைய ஆரம்பித்தும் தர்மராஜ் நகரவில்லை. மேட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஓர் ஆவாரஞ்செடியைப் பிடுங்கிப் போட்டார். பிறகு அங்கே ஓர் ஆள் படுக்கிற அளவு இடத்தில் கிடந்த கற்களைக் குனிந்து குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

அமலராணி போய் அவரைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பெரியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுமுனையிலிருந்து பொறுக்க ஆரம்பித்தார்.